யாரும் பார்த்திராத பாஸ்வேர்ட்

போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஓய்வு பெற்றவனுக்குப் பழைய ஆபீஸிலிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் இரண்டே வகை. யாருக்காவது கல்யாணம், இல்லையென்றால் பிரிண்டர் ஓடவில்லை. இது இரண்டிலும் சேரவில்லை. பேசியவர் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி தினேஷ். நான் முகம் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், சர்வரை மாத்தப்போறோம். எல்லா பாஸ்வேர்டையும் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க. பேக்கப் அக்கவுண்ட்டோடது மட்டும் இல்லியே சார்?”

“அது எனக்குத் தெரியாதுப்பா.”

“இத்தனை வருஷமா நீங்கதானே சார் பார்த்துக்கினு இருந்தீங்க? அப்போ யாருக்குத் தெரியும்?”

“யாருக்குமே தெரியாது.”

பெரிசு விளையாடுகிறது என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். போனில் முழுசாகச் சொல்லி முடிகிற விஷயமாகவும் அது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பயிற்சிக்குச் சென்னைக்குப் போகச் சொன்னால் மற்றவர்களெல்லாம் தலைவலி, மாமியார் உடம்பு என்று நழுவினார்கள். நான் மாட்டிக்கொண்டேன். கற்றுக்கொண்டதைவிட அடித்துப் பழகியதுதான் அதிகம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டிய ஜைனக் குடும்பம் எங்களுடையது. சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துவிடுவேன். “தரணி சார் கிளம்பிட்டாரு, சூரியன் இறங்கப்போவுது” என்று ஆபீஸே கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும். என்னைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கள் டேட்டாபேஸில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெசவாளர்களின் வங்கி விவரம், யாருக்கு எந்தப் பாவு நூல், எவ்வளவு ஜரிகை என்ற விவரம் எல்லாம் இருந்தது. அவற்றைவிடப் பெரிய விஷயம், தறிக்கு ஏற்றப்போகும் புது டிசைன்கள். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் யோசித்து வரைந்த பார்டர் அது. தீபாவளிக்குச் சேலையாகக் கடைக்கு வரும்வரை வெளியே தெரியக்கூடாது. முன்கூட்டித் தெரிந்தால் எங்கேயோ ஒரு விசைத்தறியில் அதே பார்டர் கொத்துக் கொத்தாக ஓடி, கால் விலைக்குக் கடைக்கு வந்துவிடும். கையால் நெய்தவரின் சீசன் அதோடு போயிற்று.

இத்தனையும் தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தானாக நகலெடுக்கப்படும். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல், அவ்வளவுதான். குறித்த நேரத்தில் மெஷின் தானே அதை எடுத்துப் படித்து வேலையை முடித்துவிடும். இதில் ஒரு சிக்கல். டேட்டாபேஸைத் திறக்க பாஸ்வேர்ட் வேண்டும். அதை அடிக்க அங்கே ஆள் இருக்காது. ஆக பாஸ்வேர்ட் எங்கேயாவது எழுதித்தான் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனி அதை ஸ்கிரிப்ட்டிலேயே, நடு வரியில், பச்சையாக எழுதிவிட்டுப் போயிருந்தது. அதுவும் எல்லாக் கதவையும் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்ட். காமாட்சி என்ற பெயரும் அதன் பின்னால் ஓர் எண்ணும். எங்கள் ஊரில் யாரை யூகிக்கச் சொன்னாலும் நாலு தடவையில் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஸ்கிரிப்ட் சில வருடம் ஓடிய பிறகுதான் எஸ்தர் மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் யாராவது பாஸ்வேர்ட் அடிக்கப் போனால் சட்டென்று எழுந்து, சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். அடிப்பது ஆபரேட்டராக இருந்தாலும் சரி, வாட்ச்மேன் வருகைப் பதிவுக்கு அடித்தாலும் சரி. “முடிஞ்சுதாப்பா?” என்று கேட்ட பிறகுதான் திரும்புவார். இப்படி நின்று நின்று ஆபீஸில் எல்லோருடைய ராசிபலனும் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்னைப் பார்த்து, “இன்னிக்கு உனக்கு வீண் அலைச்சலாம்பா” என்பார்.

இன்னொன்று, பேக்கப் முடிந்தது என்று யார் போய்ச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. “திரும்ப ஏத்திப் பார்த்தீங்களா?” நகல் எடுத்தது போதாது. அதை வேறொரு மெஷினில் திரும்ப ஏற்றி, எல்லாம் வருகிறதா என்று பார்த்தால்தான் அவருக்கு அது பேக்கப். சொன்னவர் அசடு வழியத் திரும்பிப் போவார். அந்தக் கேள்வியால் நானும் பல மதியங்கள் சாப்பாட்டை ஆறவைத்திருக்கிறேன்.

அவர் வந்த முதல் வருட ஆயுத பூஜை. பண்டிகை நாளில் விடுமுறை என்பதால் ஆபீஸ் பூஜை முந்தின நாளே நடக்கும். நெசவுப் பிரிவில் தறி நாடா, கத்தரிக்கோல், தராசு என்று வைப்பதற்கு ஏகப்பட்டது இருந்தது. எங்கள் பிரிவில் பூஜை ஏற்பாடு குமுதா. டிசைன்களை மெஷினில் ஏற்றும் ஆபரேட்டர். ஒப்பந்த வேலை, அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவள் கணவர் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்தார்.

சர்வருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த குமுதாவுக்கு ஒரு யோசனை. இவையெல்லாம் கடையில் வாங்கிய சாமான்கள். நம் பிரிவில் நிஜமாக உழைப்பது எது? “ஒரு நாள்கூட லீவு போடாதது நம்ம பேக்கப் ஸ்கிரிப்ட் ஒண்ணுதான்” என்று எஸ்தர் மேடம் அடிக்கடி சொல்வார். குமுதா அந்த ஸ்கிரிப்டைப் பிரிண்ட் எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் இரண்டு இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமமிட்டு, பொரி கடலைக்கு மேலே சாமி படத்தில் சாய்த்து வைத்துவிட்டாள். கற்பூரம் காட்டினார்கள். செயலாளர் மனம் குளிர்ந்து, தம் கையாலேயே ஒரு போட்டோ எடுத்து, சங்க உறுப்பினர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். மேடம் அன்று மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் சூரியனைத் துரத்திக்கொண்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார் மனுஷன் என்று விரலால் பெரிதாக்கினேன். மேல் வரியில் ஒரு பொட்டு, கீழ் வரியில் ஒரு பொட்டு. நடுவில் தலைமைப் பாஸ்வேர்ட், ஓர் எழுத்து மறையாமல். குமுதாவின் விரல் அரை அங்குலம் தள்ளி விழுந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த குரூப்பில் நெசவாளர்கள் மட்டுமா இருந்தார்கள்? ஜரிகை வியாபாரி, தரகர், யாரோ யாருக்கோ மச்சான் என்று எல்லோரும் இருந்தார்கள். வெளியூர்க் கடைகளுக்காகச் சர்வரை இணையத்தில் திறந்து வைத்திருந்தோம். பாஸ்வேர்ட் தெரிந்தவன் வீட்டில் உட்கார்ந்தபடியே உள்ளே வரலாம்.

மேடத்துக்குப் போன் போட்டேன்.

“சரிப்பா. போட்டோவை குரூப்ல இருந்து எடுக்கச் சொல்லு. காரணம் மட்டும் சொல்லாத. காரணத்தைச் சொன்னா, பார்க்காதவனும் தேடிப் பார்ப்பான். நான் பஸ் ஏர்றேன்.”

ஆபீஸ் சாவி குமுதாவிடம் இருந்தது. ஈரத்தலையோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். நானும் பஸ்ஸில் வந்திறங்கிய மேடமும் சர்வர் பக்கம் போனதும் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

“மேடம், பூஜை போட்டதை இன்னிக்குத் தொடக்கூடாது மேடம். நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். எங்க வீட்டுல தறியையே தொடல.”

ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவர் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கலாம். தொடப்போவதோ ஒரு கிறிஸ்தவரும் ஒரு ஜைனனும். ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போயிருந்தால் எங்களை யார் கேட்கப்போகிறார்கள்? மேடம் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, போட்டோவை அவளிடம் காட்டி, நடந்ததைச் சொன்னார். குமுதாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

“அய்யோ! எங்க வூட்டுக்காரரு பார்டரும் அதுக்குள்ளதான் மேடம் இருக்குது. தீபாவளிக்குன்னு பாவு பூட்டிக்கினு இருக்காரு. என் வேலையும் போயிடுமா மேடம்?”

“அதை அப்புறம் பேசலாம்மா. இந்த மெஷின் நேத்துல இருந்து நின்னுச்சா?”

“இல்ல மேடம். ஓடிக்கினுதான் இருக்குது.”

“பூஜை போட்டும் அது லீவு எடுக்கல. கூட நாமளும் வேலை செய்யலாமா? நீ சொன்னாத்தான் தொடுவோம்.”

குமுதா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கற்பூரத்தை ஏற்றி, அங்கேயே மறுபூஜையை முடித்தாள். கீபோர்டிலிருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உட்காருங்க மேடம்” என்றாள். அந்த அவசரத்திலும் அவள் வாயால் அந்தச் சொல் வரும்வரை மேடம் நாற்காலியைத் தொடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்து நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில் தலைமைப் பாஸ்வேர்டை மாற்றினார். அடுத்து, யார் எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்ற பதிவை என்னைப் படிக்கச் சொன்னார். நான் இரண்டு முறை படித்தேன். எங்கள் கடைகளைத் தவிர வேறு தடம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“பழைய ஸ்கிரிப்ட் இன்னிக்கு மதியம் ஓடாது. அதுக்குள்ள புது வழி பண்ணணும்” என்றார்.

ஸ்கிரிப்ட்டில் எழுதாமல், ஓடும்போது கட்டளையோடு சேர்த்துப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாமே என்றேன் நான். அவர் பொய்யாக ஒரு பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்து ஓடவிட்டார். குமுதாவை அவளுடைய சாதாரண லாகினில், பக்கத்து மெஷினிலிருந்து, சர்வரில் இப்போது என்னென்ன வேலை ஓடுகிறது என்ற பட்டியலை எடுக்கச் சொன்னார். பட்டியல் வந்தது. அந்தப் பொய் பாஸ்வேர்ட் அதில் முழுசாக நின்றுகொண்டிருந்தது. பழைய ஸ்கிரிப்டும் பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்துத்தான் கொடுத்துவந்தது. அத்தனை வருடமாக எங்கள் தலைமைப் பாஸ்வேர்ட் ஒவ்வொரு மதியமும் இப்படி வீதியுலா வந்திருக்கிறது! யாரும் எட்டிப் பார்க்காததால் பிழைத்தோம்.

பேக்கப்புக்கென்று டேட்டாபேஸில் தனி அக்கவுண்ட் ஒன்றை மேடம் உண்டாக்கினார். அதற்குப் படிக்க மட்டும்தான் உரிமை. எதையும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது, சர்வருக்கு வெளியிலிருந்து நுழையவும் முடியாது. அதன் பாஸ்வேர்டுக்கு ஒரு தனி ஃபைல். பேக்கப் வேலையைத் தவிர வேறு எந்த லாகினும் அதைத் திறக்க முடியாதபடி பூட்டு. ஸ்கிரிப்ட்டில் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற வரி மட்டும்தான் இருக்கும். இனி அதை யார் பிரிண்ட் எடுத்து எந்தச் சாமிக்கு முன்னால் வைத்தாலும் கவலை இல்லை.

செயலாளர் வந்து சேர்ந்தது அப்போதுதான். குரூப்பிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டாரே ஒழிய, காரணம் சொல்லாத கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. மேடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“யாருமா இந்தப் பேப்பரை வெச்சது? குமுதாவா? நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க எஸ்தர்.”

போட்டோவை ஊருக்கே அனுப்பியவர் யார் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். குமுதா தூணோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“பேப்பர்ல வந்தது தப்பில்ல சார். பேப்பர்ல வர்ற மாதிரி ஒரு இடத்துல அதை விட்டு வெச்சதுதான் தப்பு. அந்த இடம் என் பொறுப்பு. வந்து இத்தனை மாசமாச்சு, நான் மாத்தியிருக்கணும். அனுப்புறதுன்னா என்கிட்ட இருந்து ஆரம்பிங்க சார்.”

குரலை உயர்த்தவில்லை. ராசிபலன் சொல்லும் அதே குரல். ஒரு மேலதிகாரி தனக்குக் கீழே உள்ள ஒப்பந்த ஊழியருக்காகத் தன் வேலையை எடுத்து மேஜைமேல் வைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

“சரி, அது கிடக்கட்டும். பேக்கப்போட புது பாஸ்வேர்ட் என்னா? என்கிட்ட ஒண்ணு இருக்கணும்ல?”

“உங்களுக்கும் வேணாம் சார், எனக்கும் வேணாம். மனுஷங்க யாருக்கும் அது தேவையே இல்ல. மெஷினுக்கு மட்டும்தான் தேவை.”

என்னென்னவோ அடித்து ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பை எழுதி முடித்திருந்தார். அதை ஓடவிட்டால் மெஷின் தானே நீளமான ஒரு பாஸ்வேர்டை உண்டாக்கும். அதைப் பூட்டிய ஃபைலில் எழுதும். அதையே டேட்டாபேஸிலும் பதியும். பிறகு கையிலிருந்ததை மறந்துவிடும். திரையில் ஓர் எழுத்துகூட வராது. ஓடும் வேலைகளின் பட்டியலிலும் வராது. அதையும் ஒருமுறை பொய்யாக ஓட்டி, என்னைப் பட்டியல் எடுத்துப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டார். பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளிக் காட்டினார்.

“குமுதா, வாம்மா. நீ அழுத்து.”

“நானா மேடம்?”

“நீதான். இந்த ஸ்கிரிப்டுக்கு மரியாதை பண்ணணும்னு நினைச்ச ஒரே ஆள் நீ.”

சொல்லிவிட்டு வழக்கம்போலக் காலண்டர் பக்கம் திரும்பி நின்றார். திரையில் எதுவும் தெரியப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பினார். நானும் திரும்பினேன். ஒன்றும் புரியாத செயலாளரும், எல்லோரும் செய்கிறார்களே என்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். எங்களுக்குப் பின்னால் குமுதா எதையோ முணுமுணுப்பது கேட்டது. ஒரு பொத்தான் சத்தம். அவ்வளவுதான்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது மேடம். நான் கண்ணை மூடிக்கினு இருந்தேன்.”

மதியம் பேக்கப் தன் நேரத்துக்குத் தானாக எழுந்து ஓடியது. பாஸ்வேர்டை யாரும் சொல்லவில்லை, யாரும் அடிக்கவில்லை, கதவு திறந்தது. நான் சந்தோஷத்தில் “ஆச்சு மேடம்!” என்றேன். “திரும்ப ஏத்திப் பார்த்தீங்களா?” என்றார். மூலையில் கிடந்த பழைய மெஷினைத் தூசி தட்டி, நகலை அதில் ஏற்றினோம். டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றில் வரிசை வரிசையாக மாங்காய், நடுவில் சின்னச் சின்ன மயில். “இது எங்களுது” என்று குமுதா திரையைத் தொட்டாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அந்தத் தீபாவளிக்கு அந்தச் சேலை சங்கத்தின் கடையில்தான் முதலில் தொங்கியது. குமுதாவின் வேலையும் அந்த வருடமே நிரந்தரமாயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஃபைலைத் திறக்கவே முடியாது என்பதில்லை. சர்வரின் முழுப் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் திறக்கலாம். ஒரே ஒரு கட்டளை போதும். மேடம் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. வேலை இல்லாத மதியங்களில், அந்த நீளமான எழுத்துகள் எப்படித்தான் இருக்கும் என்று விரல் பரபரத்ததுண்டு. திறக்கவில்லை. நான் அவ்வளவு நல்லவன் என்பதால் இல்லை. கோடிக்கணக்கான பேர் பிறந்து வாழும் இந்த உலகத்தில் ஒருவர் கண்ணிலும் படாத ஒரு சொல், தினமும் மதியம் ஒருதரம் எழுந்து, இத்தனை குடும்பங்களின் பிழைப்பைப் பத்திரப்படுத்திவிட்டுப் போய் ஒளிந்துகொள்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்பட்ட மலைப்புதான் என் கையைப் பிடித்தது. பார்த்துவிட்டால் அது வெறும் பாஸ்வேர்ட் ஆகிவிடும்.

போன மாதம் போனில் தினேஷிடம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, “உங்களுக்கு அதிகாரம் இருக்குதுப்பா. திறந்து பார்த்துக்கோங்க. நான் வேணாம்னு சொல்ல முடியாது” என்றேன். “பார்க்கிறேன் சார்” என்று வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு யாரோ நம் வீட்டைத் திறக்கிறார்கள் என்பது போல ஒரு தவிப்பு.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார்.

“சார், நான் திறக்கல. புது சர்வருக்குப் புதுசா ஒண்ணு போட்டுட்டோம். குமுதா மேடம்தான் அழுத்தினாங்க. என்னைக் காலண்டரைப் பார்க்கச் சொன்னாங்க சார். நானும் பார்த்துக்கினு நின்னேன்.”

உடனே முசரவாக்கத்துக்குப் போன் போட்டேன். எஸ்தர் மேடத்துக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். உரக்க, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு அவர் கலங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரிப்பா” என்றார். “திரும்ப ஏத்திப் பார்த்தாங்களா?”

“அதைக் கேட்கலியே மேடம்.”

“கேளுப்பா, கேட்டுட்டுச் சொல்லு” என்று போனை வைத்துவிட்டார்.